கரிசாலை வேங்கடம்

திருப்போரூருக்கு மேற்கே நாலு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது திருவேங்கடத்தின் ஊர். ஏரிப்பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்துக்கொண்டிருந்தவன், தொண்ணூற்று மூன்றில் அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம் புதிதாகக் கட்டிய ஒரு ரிசார்ட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. நாற்று விடத் தெரியும், களை எடுக்கத் தெரியும். பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒன்றை வளர்ப்பது அவனுக்குப் புதிது.

கடல் மணலில் புல்தரை நிற்கவில்லை. இரண்டு தடவை புல் பதித்தார்கள், இரண்டு தடவையும் உப்புக்காற்றில் கருகிப்போனது. மூன்றாம் தடவை முதலாளி பெங்களூரிலிருந்து கறுப்புப் பைகளில் ஒரு படர்கொடியைக் கொண்டுவந்து இறக்கினார். பளபளவென்று மூன்று முனை வைத்த இலை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பூ. மேனேஜர் அதை வெடிலியா என்றார்.

அந்தக் கொடி திருவேங்கடத்தின் கைக்கு அப்படி வசப்பட்டது. சாண் நீளத்துக்குத் துண்டு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிறமாதிரி சாய்த்து நட்டான். மணலோடு செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்தான். முதல் பத்து நாள் தென்னை ஓலையால் மூடி வைத்தான். மூன்று மாதத்தில் நீச்சல்குளத்திலிருந்து கடற்கரை வரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஆயிற்று. வெயில் காலத்திலும் பச்சை மாறவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் ஓரம் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நடைபாதைமேல் ஏறிவிடும். அவ்வளவுதான் அதற்கு வேலை. வெள்ளைக்காரர்கள் அதன் ஓரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு அவர்களிடம் காட்டுவார். ஊருக்குள் இந்தச் சேதி கொஞ்சம் பெரிதாகவே போய்ச் சேர்ந்தது. செடி கொடி என்றால் வேங்கடத்தைக் கேள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

தொண்ணூற்றாறில் பெய்த மழையில் ஊர்க் குளத்தின் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ராஜாராம் மண் கொட்டி நிரப்பினார். மண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது நட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, திருவேங்கடம் முன்னால் வந்து, "என்னாண்ட ஒரு கொடி கீது, வுட்டுடுங்க என்கிட்ட" என்றான். ரிசார்ட்டில் வெட்டிப் போட்ட கொடிகளை இரண்டு கோணிப்பையில் அடைத்து, பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொண்டுவந்தான். பொங்கலுக்குள் கரை முழுக்க மஞ்சளாகப் பூத்தது. மண் ஒரு பிடி சரியவில்லை.

பொங்கலன்று குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. அங்கேதான் பூவாயி கேட்டாள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஏழெட்டு ஆடுகளோடு பிழைப்பு நடத்துகிறவள்.

"டேய் வேங்கடம், இது இன்னா செடிடா?"

அவனுக்கு வெடிலியா என்கிற பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது என்ன பெயர் என்று திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியாது. ராஜாராம் குனிந்து ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தார். "மஞ்சக் கரிசலாங்கண்ணி மாதிரி கீதே?" என்றார். ஊரில் கரிசாலை என்று கடைந்து தின்கிற கீரை அது. எல்லோரும் திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அதேதான். இது ஒசத்தி ரகம்" என்றான்.

"ஆடு தின்னலாமாடா?"

"மனுசனே திங்கிறது. ஆடு தின்னா இன்னாவாம்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பிற்பாடு அவன் எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

பூவாயி மறுவாரமே ஒரு கைப்பிடி பறித்துக் கடைந்து பார்த்துவிட்டு, தெருவில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா அது, வாயிலயே வெக்க முடியல?" என்றாள். கரிசலாங்கண்ணி அப்படி இருக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும், "மருந்துன்னா கசக்காம இருக்குமாக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

தொண்ணூற்றெட்டு கோடையில் மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்தபோது குளக்கரை மட்டும் பச்சையாக இருந்தது. பூவாயி ஆடுகளை அங்கே ஓட்டினாள். சினையாக இருந்த இரண்டு ஆட்டுக்குக் குறைமாதத்திலேயே குட்டி செத்து விழுந்தது. தை மாதம் மறுபடியும் மூன்று. ஐந்தாவது குட்டியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அவள் தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது திருப்போரூர் முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டானாம், அதைச் செய்யாமலே செத்துப்போனானாம், சாமி குத்தம்தான் இப்படி வந்து நிற்கிறது என்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் ஆமாம் என்றார்கள். திருவேங்கடமும் ஆமாம் என்றான். அப்போது அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

அடுத்த மாதம் தெரிந்தது. ரிசார்ட்டில் கடற்கரைச் சவாரிக்கு இரண்டு குதிரை வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் காசிநாதன், போகிற போக்கில் திருவேங்கடத்திடம், "இந்தச் செடிப்பக்கம் குதிரையக் கட்டாதீங்க. சினை ஆடு மாடு இதத் தின்னா கரு கலைஞ்சிடும்னு சொல்றாங்க" என்றார்.

"இது மஞ்சக் கரிசலாங்கண்ணிதானேங்க சார்?"

டாக்டர் சிரித்தார். "பூவப் பாத்துட்டு நெறைய பேர் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது வேற, இது வேற. தெரிஞ்சவங்க யார்கிட்டயும் அப்படிச் சொல்லிடாதீங்க."

அன்று மாலை பஸ்ஸில் அவன் நின்றுகொண்டே வந்தான், உட்கார இடம் இருந்தும். என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டு, நேராகப் பூவாயி வீட்டு வாசலுக்குப் போனான். அவள் மஞ்சள் துணியில் எதையோ முடிந்துகொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"நல்ல நேரத்துல வந்த. நாளைக்கி கந்தசாமி கோயிலுக்குப் போறேன், முடி குடுக்க. தொணைக்கி ஒருத்தரும் வரேன்னு சொல்லல. நீ வரியா?"

"வரேன்க்கா" என்றான் திருவேங்கடம். கோத்து வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பூவாயி நாவிதருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். நரை பாதி, கறுப்பு பாதியாக இடுப்பு வரை இருந்த கூந்தல். முதல் கற்றை விழுந்தபோதே சொல்லியிருக்கலாம். பாதித் தலை ஆனபோது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். பாதித் தலையோடு எழுந்து வருவாளா? முழுசும் ஆன பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? இப்படி யோசித்துக்கொண்டே அவளுடைய மஞ்சள் துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளித்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். முகம் சின்னதாகப் போய், யாரோ மாதிரி இருந்தாள்.

"எப்பட்றா கீது?" என்று வெட்கத்தோடு கேட்டாள்.

"நல்லா கீதுக்கா."

"பெத்த மக வரல. நீ வந்த" என்று சொல்லி அவன் நெற்றியில் விபூதி பூசினாள். ஊர் வரும் வரைக்கும் அவன் அதைத் துடைக்கவும் முடியாமல் சுமக்கவும் முடியாமல் வந்தான்.

அதற்கப்புறம் அவன் இன்னொரு பொய் சொன்னான். கரையில் பூச்சிமருந்து அடித்திருக்கிறேன், ஆட்டை ஓட்டாதே என்றான். பூவாயி ஆடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். அடுத்த ஈற்றில் மூன்று ஆடு இரட்டைக் குட்டி போட்டது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வருடாவருடம் கிருத்திகைக்குப் போய்வந்து அவன் வீட்டுக்கும் விபூதி கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவருக்கும் நஷ்டமில்லாமல் காரியம் முடிந்துவிட்டது போலத்தான் வெளியே தெரிந்தது. திருவேங்கடத்துக்கோ அவளுடைய தலையில் முடி வளர்வதைப் பார்க்கவே முடியவில்லை. தெருமுனையில் அவள் வருவது தெரிந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு கரைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் கொடியை அழிக்கப் பார்த்தான். கேட்டால் ஓரம் வெட்டுகிறேன் என்பான். வெட்டிய துண்டு விழுந்த இடத்திலெல்லாம் வேர்விட்டது. லீவு நாளில்கூட ஊருக்காக உழைக்கிறான் என்று ராஜாராம் கிராம சபையில் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கூட்டத்தில் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமானவன் என்றார்கள். அவனுடைய மனைவி ஞானம்மாள் மட்டும் அன்றைக்குச் சோறு போடும்போது, "இன்னாய்யா, எழவு வூட்டுக்குப் போய்வந்த மாதிரி கீற?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஆவணியில் ஒரு நாள் காலை, அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், பூவாயி ஒரு கூடையோடு வந்து நின்றாள்.

"கரையாண்ட வந்து, மருந்து அடிக்காத எடமா பாத்து, கொஞ்சம் எளசா பறிச்சிக் குடுடா. மக மாசமா கீறா. அஞ்சு மாசம். ரத்தமே இல்லன்னு டாக்டரம்மா சொல்லிச்சாம். கரிசாலை தின்னா ரத்தம் ஊறும்ல? கசந்தா கசக்கட்டும், ஊட்டி வுட்டுர்றேன்."

திருவேங்கடம் அவளோடு கிளம்பாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அது கரிசாலை இல்ல."

"இன்னா?"

"கரிசாலை இல்லக்கா. அது இன்னா செடின்னு அன்னிக்கி எனக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி, சொல்லிட்டேன். உன் ஆட்டுங்க குட்டி வுழுந்தது அதாலதான். சாமி குத்தம் இல்ல."

பூவாயி கூடையைக் கீழே வைத்தாள். ஞானம்மாள் உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"நாலு வருசமாச்சி."

"கோயிலுக்கு வந்தியே, அன்னிக்கி?"

"அன்னிக்கும் தெரியும்."

அவளுடைய கை தானாகத் தலைக்குப் போயிற்று. கொண்டை போடும் அளவுக்கு வளர்ந்திருந்த முடியை ஒருமுறை தடவினாள். "எப்பட்றா கீதுன்னு உன்னத்தானேடா கேட்டேன்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. ஞானம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் பூவாயி எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொன்னாள். ஊர் கூடி அடிக்கும், பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள் என்று திருவேங்கடம் காத்திருந்தான். நடந்தது வேறு. ஊர் சிரித்தது. டீக்கடையில், "ஒசத்தி ரகம் ஒரு டீ போடு" என்றார்கள். கரிசாலை வேங்கடம் என்று பெயர் வைத்தார்கள். ராஜாராம் தோளில் தட்டி, "நானும்தானேப்பா சொன்னேன், வுடு" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவர்கள் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் சந்தனம் பூசிய அந்தத் தலைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம் என்று கேட்கும் யோக்கியதையும் அவனுக்கு இல்லை.

கொடியை இப்போது வெளிப்படையாகப் பிடுங்கினான். கணுக்கணுவாக வேரோடு எடுத்து, மண்ணில் படாமல் தகரத்தின்மேல் போட்டுக் காயவைத்து எரித்தான். கரை சரிந்துவிடாமல் இருக்க, பிடுங்கின இடத்தில் வெட்டிவேரும் அருகும் வைத்தான். மூன்று மழைக்காலம் பிடித்தது. ரிசார்ட்டில் அதே கொடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, ஊரில் வந்து அதையே பிடுங்கினான். பூவாயியின் மகளுக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அந்தச் சேதியும் ஞானம்மாள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பூவாயி அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, திட்டவுமில்லை. அங்கே ஒருவரும் இல்லாத மாதிரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவாள்.

அவனுடைய மகளுக்கு வரன் பார்க்க வந்த செங்கல்பட்டுக்காரர்கள், ஊரில் வழி கேட்டபோது கரிசாலை வேங்கடம் வீடு என்று காட்டினார்களாம். அது என்ன பெயர் என்று வந்தவர்கள் கேட்டார்கள். வைத்தியம் கிய்த்தியம் பார்ப்பீர்களா என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். ஞானம்மாள் கண்ணால் ஜாடை காட்டினாள். திருவேங்கடம் பொங்கலில் ஆரம்பித்து கோயில் குளத்தடியில் நடந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் இதுதானா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேறு இடத்தில் முடிந்தது.

இரண்டாயிரத்தெட்டு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, பூவாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவன் வாசலுக்கு நேரே நின்றாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அவன் எழுந்து நின்றான்.

"மதகாண்ட உன் செடி மறுபடியும் தலகாட்டுது" என்றாள். "போய்ப் பாரு."

ஆடுகள் முன்னால் போய்விட்டிருந்தன. அவற்றை அதட்டிக்கொண்டு அவளும் போனாள். திருவேங்கடம் சட்டைகூடப் போடாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகுப்பக்கம் நடந்தான்.