கடைமடைக்காரர் வாய் திறந்த விதம்

செல்லமுத்து, வயது ஐம்பத்தொன்று. கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் முடியும் கடைமடையில் மூன்றரை ஏக்கர் கரும்பு. மனைவி அம்சவள்ளி. ஒரே மகள் தேவிப்ரியா கள்ளக்குறிச்சியில் ஆசிரியை. தந்தை காலமானதும் பாசனச் சங்கத்தில் அவர் இடத்துக்கு இவர் வந்தார். ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை; ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. வாய்க்கால் தொடங்கும் தலைமடைக்கே முதல் தண்ணீர் என்பது அந்த வாய்க்காலின் வழக்கம். இவர் முறை வரும்போது சேறுதான் மிஞ்சும். கரும்பு இரண்டு பருவம் காய்ந்துவிட்டது. இந்தப் பருவமும் காய்ந்தால், நிலத்தைத் தலைமடைத் தமிழ்வேந்தனிடம் குத்தகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை.

இதையறிந்த மகள், கள்ளக்குறிச்சியில் ஞாயிறுதோறும் கூடும் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் தந்தையின் பெயரைச் சேர்த்துவிட்டாள்.

"பேசக் கத்துக்கினு வர ஒரு எடமா? வூட்ல என்கிட்ட கத்தறது போதாதா?" என்றாள் அம்சவள்ளி.

செல்லமுத்துவின் கவலை வேறு. முன்பொரு முறை தேக்குப் பண்ணைப் பங்கு என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டவர்கள், முதலில் விடாமல் கை தட்டினார்கள். பிறகு பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்கள். இங்கேயும் எழுந்து நின்றால் கைதட்டல், உட்கார்ந்தால் கைதட்டல். கட்டணமோ கம்மி. போதாக்குறைக்கு மலர்விழி என்ற பெண் மூலையில் அமர்ந்து, யார் பேசினாலும் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தாள்.

நிலத் தரகர்களின் ஆள்தான் என்று முடிவு கட்டினார். காய்ந்த நிலம் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வருவார்கள். ஆகவே, தன் முறை வந்ததும், "வந்து... நம்ம நெலம் வந்து... தலைமடைங்க. தண்ணி கரைய ஒடைக்குது. விக்கிற நெலமே கெடையாது" என்பதையே ஐந்து நிமிடம் இழுத்துச் சொன்னார். அவளுடைய பேனா ஓடியது. அவர் சந்தேகம் உறுதியாயிற்று.

ஆனாலும் வாரம் தவறாமல் போனார். உள்ளேயிருந்து கவனிப்பதே பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. இரண்டு மாதத்தில் நாக்கு மட்டும் அவரை அறியாமலே பழகிவிட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். இந்த முறை கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட வேண்டும் என்று தடுமாறாமல் கேட்டார். அப்போது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த நீர்வளத் துறைப் பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். ஜெயப்பிரகாஷ்! ஞாயிறுதோறும் பக்கத்து நாற்காலியில் அமர்பவர். அந்த மன்றத்தில் யாரும் தம் உத்தியோகத்தைச் சொல்லிக்கொள்வதில்லை.

"அண்ணே, தண்ணி கரைய ஒடைக்குதுன்னு மேடைல சொன்னீங்களே. எதுங்க நெசம்?"

தமிழ்வேந்தன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அங்க ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சு! மாமா நல்லாத்தான் கத்துக்கினு வந்துகிறாரு!"

செல்லமுத்து தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் நிலம் போயிற்று.

"அது பொய்யிங்க சார். நெலம் புடுங்கற கூட்டம்னு நெனச்சிட்டேன். உங்களயும் சேத்துத்தான்."

பொறியாளரைப் பார்த்தே மேலும் சொன்னார்.

"இப்ப சொல்றதயும் நம்பாதீங்க. நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். வண்டிய எடுங்க, மண்ண வந்து பாருங்க."

போனார்கள். வயலில் வெடித்திருந்த பிளவில் பொறியாளரின் கால் கணுக்கால்வரை இறங்கியது. கடைமடைக்கு முதல் ஐந்து நாள் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. அந்த ஐந்து நாளும் செல்லமுத்து மடையைவிட்டு நகரவில்லை. அம்சவள்ளி சோற்றை அங்கேயே கொண்டுவந்தாள். கரும்பு பிழைத்தது.

மறு ஞாயிறு மலர்விழியிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். பெயர்களுக்கு எதிரே வெறும் கோடுகள்.

"பேச்சுல 'வந்து, வந்து'ன்னு எத்தன தடவ சொல்றாங்கன்னு எண்றதுங்க. மொத நாளு உங்களுக்கு முப்பத்தொண்ணு. கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன்."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பின்னட்டையின் உட்புறத்தையும் பார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தார்.

பாசனச் சங்கத்தில் செல்லமுத்து பேசாதிருந்த காலம்: இருபத்திரண்டு ஆண்டு.