மூச்சை விட்டுத் தூக்கிய பல்லக்கு

பல்லக்குத் தண்டை முதல் முறை தோளில் ஏற்றியபோது மூக்கில் ஏறிய வாசனை இன்னும் நினைவிருக்கிறது. நல்லெண்ணெய், வாடிய துளசி, பக்கத்தில் நின்றவர் மார்பில் பூசிய சந்தனம்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், வலியசாலை அக்ரஹாரத்தில் குடியிருந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. குமாஸ்தா வேலை, புதுக் கல்யாணம், கூடவே கொஞ்சம் தலைக்கனம். எங்கள் தெருக் கோயில் உற்சவத்தில் பல்லக்கின் முன் தண்டைத் தாங்குவது எங்கள் குடும்பத்து உரிமை. அப்பா போன பிறகு அது எனக்கு வந்தது.

முதல் வருஷமே தெருமுனை திரும்பும்போது கண் இருட்டிவிட்டது. பல்லக்கு சாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். சுவாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மானம்தான் கப்பலேறியது.

கோயில் காரியஸ்தர் வீட்டுக்கே வந்து சொன்னார். "அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா, முன் தண்டை வேற ஆத்துக்குத்தான் கொடுக்கணும், கேட்டியா."

அன்றிலிருந்து ஒரே வெறி. விடியற்காலையில் கொல்லையில் தண்டால் எடுப்பேன். ஆட்டுக்கல் குழவியைத் தூக்குவேன். புஜம் என்னவோ பெருத்தது. ஆனால் பத்து முறை தூக்கினால் தலை சுற்றும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி ஜானகி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முறையாகப் பாட்டுப் படித்தவள்.

"ஏண்ணா, குழவியைத் தூக்கறச்சே மூச்சே விட மாட்டேங்கறேளே?"

"பின்னே? கும்பகமாக்கும். மூச்சை அடக்கினா பலம் வரும்."

"சந்தியாவந்தனத்துல மூக்கைப் பிடிக்கறேளே, அதுவா? சுவாமியைத் தூக்கறேளா, ஜபம் பண்றேளா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூணூல் போட்ட நாள் முதல் செய்கிற பிராணாயாமத்தை எனக்கு இவள் சொல்லித் தருவதா? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் தலை சுற்றியது. வாலைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் போய் நின்றேன்.

பதினைந்து நாள் குழவியைத் தொடவே கூடாது என்றாள். கையை மெதுவாக மேலே கொண்டுபோகும்போது மூச்சை இழுக்க வேண்டும். இறக்கும்போது 'ஆ' என்று நீளமாக விட வேண்டும். பிறகு தோளைச் சுழற்றுவது, இடுப்பை இரு பக்கமும் திருப்புவது... அவள் தொடையில் தாளம் தட்டுவாள், நான் அதற்குத் தக்கபடி அசைவேன். அதன் பிறகுதான் குழவி; அதில் மட்டும் முறை தலைகீழ். "பாரம் ஏறறச்சே மூச்சை விடுங்கோ" என்று தினமும் சொல்வாள்.

கொல்லைக் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் எல்லாம். பெண்டாட்டியிடம் பாடம் படிக்கிறவன் என்று தெருவில் பேசுவார்களே...

அடுத்த உற்சவம் வந்தது. அதே முனை. பாரம் முழுக்க என் தோளில் இறங்கியது. பழைய பழக்கத்தில் மூச்சு அடைத்துக்கொண்டது. நான்கு வீடு தள்ளி எங்கள் வாசலில் ஜானகி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஓசையில்லாமல் வாயைத் திறந்து 'ஆ' என்று காட்டினாள். நானும் விட்டேன். பல்லக்கு ஆடாமல் திரும்பியது.

காரியஸ்தர் முதுகில் தட்டினார். "அப்பாவோட பலம் அப்படியே உனக்கு வந்திருக்காக்கும்." நான் பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

பிறகு முப்பது வருஷம் முன் தண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தது. குமாஸ்தாவாக நாற்காலி தேய்த்த உடம்பு இந்த வயதிலும் குனிந்து நிமிர்கிறதே, அதுவும் அந்தக் காலைகளின் புண்ணியம்தான்.

இப்போது என் பேரனும் அவன் மனைவியும் சேர்ந்தே ஜிம்முக்குப் போகிறார்கள். "எனக்கு எல்லாம் இவ சொல்லித் தந்ததுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்... கேட்கும்போது சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்தான்.

ஜானகி போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. எனக்குப் பல்லக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான் என்று இன்றுதான் வெளியே சொல்கிறேன். அவளிடம்கூட ஒரு நாள் சொன்னதில்லை.