கிருஷ்ணகுமாரிக்கு அரைப்பேர்

ருவான்வெல்லை டவுனில் இருந்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் உட்காரக் கூடாது. தவணை விடுமுறையில் வகுப்பு நாற்காலிகளைத் தூக்கி ஸ்டோரில் அடுக்கிவிட்டார்கள். உட்கார்ந்தால் சோம்பல் வருமாம். பீஸ் கட்டுகிற பெற்றோர் பார்த்தால் என்ன நினைப்பார்களாம். பிரின்சிபல் ராமச்சந்திரனின் கண்டுபிடிப்பு.

மூன்றாம் ஆண்டு வகுப்பு டீச்சர் கிருஷ்ணகுமாரி முதலில் இதைப் பெரிதுபடுத்தவில்லை. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். பஸ்ஸில் தொங்கி வந்து, நாள் முழுக்க நின்று, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த வீட்டுக்கும் சுமந்தாள். கால் நரம்பு புடைத்துவிட்டது. ஆனால் வாய் திறக்காத ஒரு பிள்ளை தானாக ஒரு வரியை வாசித்து முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது, கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு.

பக்கத்து வகுப்பு றமீலா டீச்சர் பிள்ளைத்தாச்சி. பாதம் வீங்கி செருப்புக்குள் போகவில்லை. நிற்க வேண்டாமென்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொல்லியும் நாற்காலி கேட்கப் பயந்தாள். கேட்டால் வீட்டிலேயே இருங்கள் என்பார்கள். பிறகு திரும்ப எடுக்க மாட்டார்கள். அவளுக்கு வேலை முக்கியம்.

அவளுக்காகக் கிருஷ்ணகுமாரி போய்க் கேட்டாள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பிரின்சிபல் சிரித்து அனுப்பிவிட்டார். அவள் நேரே ஸ்டோருக்குப் போனாள். ஒரு நாற்காலியை றமீலாவிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் வகுப்பில், பிரின்சிபல் பார்க்கிற கண்காணிப்புக் கமராவுக்கு நேரே போட்டு, உட்கார்ந்து பாடம் நடத்தினாள். றமீலா மட்டும் உட்கார்ந்தால் அவளை மட்டும் வெளியே தள்ளலாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அவ்வளவு சுலபமில்லை.

இடைவேளையில் ராமச்சந்திரன் ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார்.

"உட்கார்ந்து படிச்சுக் குடுக்கிறவங்களுக்கு இனிமே அரைப்பேர்தான்."

டவுன் டீச்சர்மாருக்கு விளங்கவில்லை. கிருஷ்ணகுமாரிக்கு விளங்கியது. வெட்டின றப்பர் பால் கிலோ குறைந்தால், முழுநாள் உழைப்பை அரைநாளாகப் பதிகிற தோட்டத்துச் சொல் அது. லயம் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்போல டை கட்டித் திரிந்த மனுசன், கோபத்தில் தன் ஊரைக் கொட்டிவிட்டார்.

"சேர் எந்தத் தோட்டம்?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

அவர் டையைச் சரிசெய்தார்.

"எங்கம்மாவுக்கு மழை வந்தாலும் அரைப்பேர், காய்ச்சல் வந்தாலும் அரைப்பேர். எனக்கும் போடுங்க. ஆனா என் பேரு கிருஷ்ணகுமாரி. எந்தப் பாதிய வைப்பீங்க, கிருஷ்ணாவா, குமாரியா?"

"குமாரிய வைங்க சேர்," என்றாள் றமீலா. "டீச்சர் ரெண்டு புள்ளைக்குத் தாய், இன்னும் குமாரின்னா சந்தோசப்படுவாங்க."

அறையே சிரித்தது. ராமச்சந்திரன் சிரிக்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பினார்.

"எட்டியாந்தோட்டப் பக்கம்," என்றார். "எங்கம்மாவும் பால்வெட்டுதான்."

மறுநாள் எல்லா வகுப்பிலும் நாற்காலி இருந்தது. மேளம் அடிக்க ஒன்றுமில்லை. சம்பளம் கூடவில்லை, சனிக்கிழமை வகுப்பும் நிற்கவில்லை. ஆனால் றமீலா பிரசவ லீவு வரைக்கும் உட்கார்ந்தபடி கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். லீவு முடிந்து அதே வகுப்புக்குத் திரும்பியும் வந்தாள்.

கிருஷ்ணகுமாரியின் நாற்காலியில் பெரும்பாலும் கொப்பிக் கட்டுதான் இருக்கும். அவள் பிள்ளைகளின் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். இப்போது யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை.