தரையா, மேசையா

ஓய்வுபெற்றவனிடம் நேரம் இருக்கிறது என்று நம்புகிறவர்களைக் கண்டால் நான் இப்போது வீதியின் மறுபக்கம் போய்விடுகிறேன். அன்று அந்த எச்சரிக்கை இருக்கவில்லை. நண்பர் ஒருவரின் மகள், இங்கே ரொறன்ரோவிலேயே பிறந்த கட்டடக் கலைஞர், தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், ஒரே ஒரு மீற்றிங். வந்து சும்மா இருந்தாக் காணும். நீங்கள் இருந்தா அவையள் லிசன் பண்ணுவினம்."

சும்மா இருக்கத்தான் போனேன். டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மூடிக் கிடந்த ஒரு கார்ப்பெற் கடையில் கூட்டம். அதைப் பொதுச் சந்தையாகவும் சமையல் பள்ளியாகவும் மாற்றப் போகிறார்களாம். முன்பக்கம் கடைகள், பின்பக்கம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், நிலத்துக்குள் புதைத்த ஆர்மேனிய மண் அடுப்பு. அதற்குத் தோனிர் என்று பெயர். மாவைத் துணிபோல மெல்லிசாக இழுத்து, ஒரு தலையணையில் விரித்து, குனிந்து அடுப்பின் உட்சுவரில் அறைவார்கள். ஒட்டிக்கொண்டு வெந்து வருவது லவாஷ் ரொட்டி.

தலைவி எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் ஆர்மேனியப் பெண்மணி. மருந்தகம் நடத்தி ஓய்வுபெற்றவர். கட்டடத்தில் உள்ள தமிழர்கள் என்னை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தானும் அப்படியே கூப்பிடுவார். அதன் பின்னால் தன் மொழியின் செல்லச் சொல் ஒன்றையும் ஒட்டுவார்: "அண்ணை ஜான்." இந்த அழைப்பு காதில் விழுந்தால் அடுத்த சனிக்கிழமை போய்விட்டது என்று அர்த்தம்.

நான் நகராட்சி ஒன்றின் கட்டட அனுமதிப் பிரிவில் வரைபடம் சரிபார்த்தவன். மக்கள் கனவுகளோடு வருவார்கள். நான் அவற்றுக்குக் குறிப்பு எண் போட்டுத் திருப்பி அனுப்புவேன். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் எவ்வளவு காலம் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த அறிவை அந்த முதல் கூட்டத்தில் வாய் தவறி வெளிக்காட்டிவிட்டேன். கூட்டம் முடியும்போது கொமிற்றியில் இருந்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். இரண்டாம் மாதம் ஒரு கணக்காளர் கழன்றார். மூன்றாம் மாதம் ஒரு வழக்கறிஞர் தன் மகளின் நீச்சல் வகுப்பைச் சொல்லிக் கழன்றார். ஒழுங்கில்லாத எதையும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அன்றே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: அனுமதிக்கான வரைபடங்கள் அனுப்பப்படும்வரை எவரும் விலகக் கூடாது, விலகுவதாயின் அதே தகுதியுள்ள ஒருவரைத் தந்துவிட்டு விலகலாம். எல்லோரும் கைதட்டினார்கள். என் தகுதியுள்ள ஆட்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் எவரும் என்னளவு முட்டாள் இல்லை. அந்த விதி சட்டப்படி செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து மற்றவர்களுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவன் நான். எந்த முகத்தோடு விலகுவது?

மனைவியிடம் ஒரு யோசனை சொன்னேன்.

"உமக்குச் சுகமில்லை எண்டு சொல்லட்டே?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கிறன். வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? மைக்குறோவேவுக்கு மேல எத்தினை அங்குல இடைவெளி எண்டு திருப்பி அளக்கப் போறியளோ?"

அந்த வாசல் மூடியது. மிஞ்சிய வழி ஒன்றுதான்: வரைபடங்களை அனுப்பிவைப்பது. அதைப் பிடித்து வைத்திருந்தது அடுப்பு.

தரையில் ஆழமான பள்ளம் இருந்தால் சுற்றிவரக் கம்பித் தடுப்பு வேண்டும். தடுப்புப் போட்டால் அடுப்புக்குள் குனிய முடியாது. அடுப்பைச் செங்கல் கட்டி இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் ஒரு பிரச்சினையும் இல்லை. வரைபடம் அடுத்த வாரமே போய்விடும். தலைவி மறுத்தார். அவர் பேசுவது ஆங்கிலம். என் காதில் அது தமிழாகத்தான் விழும்.

"நின்றுகொண்டு சுடுவது பீட்சாக் கடை. நாங்கள் உட்கார்ந்து சுடுகிறோம். ஒருத்தி உருட்டுவாள், ஒருத்தி இழுப்பாள், ஒருத்தி ஒட்டுவாள், நாலு பேரும் ஊரைப் பற்றிக் கதைப்போம்."

"நாலாவது ஆள் என்ன செய்வா?" என்று கேட்டேன்.

"குறை சொல்லுவாள், அண்ணை ஜான். உங்களைப் போல."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அடுப்பைச் சுற்றித் தாழ்வான ஒரு மேடை கட்டலாம். பெண்கள் அதில் ஏறி இருக்கலாம். நான் சுகாதாரப் பிரிவில் விசாரித்தேன். நேர்மையான கேள்வி ஒன்று வந்தது: அந்த மேடை தரையா, மேசையா? தரை என்றால் அதில் மாவை வைக்கக் கூடாது. மேசை என்றால் அதில் ஆள் ஏறி இருக்கக் கூடாது. அந்தக் கேள்வியோடு நாங்கள் ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்தோம். வெளியே பனி குவிந்தது. உள்ளே நான் கம்பளப் பசை மணக்கும் அறையில் மடக்குக் கதிரையில் இருந்து, தரைக்கும் மேசைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை செய்த காலத்தில் இதற்குச் சம்பளமாவது தந்தார்கள்.

பனி உருகியபோது தலைவி இறங்கிவந்தார். உண்மையான அளவில் ஒரு மாதிரி மேடை செய்து பார்ப்போம், அன்றும் வழி தெரியாவிட்டால் திங்கட்கிழமை செங்கல் அடுப்பை வரைந்து அனுப்புங்கள் என்றார். எனக்கு அந்தச் சனிக்கிழமை பெருநாளாக விடிந்தது.

கடை நடுவே சரக்கு ஏற்றும் மரத் தட்டங்களை அடுக்கி, மேலே பிளைவூட் அடித்து, முழங்கால் உயரத்தில் மேடை செய்திருந்தார்கள். நடுவில், வாய் மேடையோடு மட்டமாக, பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்ரிக் பீப்பா. அதுதான் அடுப்பு. பலகை போதாததால் பீப்பாவின் ஒரு பக்கத்தில் இரண்டடி அகலத்தில் மேடை திறந்து கிடந்தது. நான்கு பெண்கள் உண்மையான மாவோடு ஏறி முழங்காலில் இருந்தார்கள். கம்பித் தடுப்பு என்று வைத்துக்கொள்ளக் கட்டிய கயிற்றில் ஒருத்தியின் நெற்றி இரண்டு தரம் மோதியது. மாவு தரையிலா மேசையிலா இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தலைவி பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஓர் அளவு எடுத்துக் கோப்பை மூடுவோம் என்று மேடையில் ஏறினேன். பலகையில் மா கொட்டியிருந்தது. கால் வழுக்கி, இருந்தபடியே சறுக்கி, திறந்து கிடந்த இடைவெளிக்குள் இரண்டு கால்களும் இறங்கிவிட்டன. அடிபடவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. காலைப் பின்னுக்கு இழுத்து எழும்ப இடமில்லை; கைகளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

"அங்கிள், ஓகேயா? மூவ் பண்ணாதேங்கோ!" என்று நண்பரின் மகள் ஓடிவந்தாள்.

"மூவ் பண்ண ஏலுமெண்டா நான் ஏன் இஞ்ச இருக்கிறன்?"

அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள். குழிக்குள் இருக்கிறேன் என்றேன்.

"குழிக்குள்ளையோ? ஆர் தள்ளினது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. நானா விழுந்தனான்."

"அப்ப உங்கையே இருங்கோ. எனக்கு நாடகம் ஓடுது."

பெண்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அவர்களில் ஒருத்தி, சும்மா இருக்கிற கைக்கு வேலை கொடுப்போம் என்று, குட்டைக் கால் வைத்த ஒரு பலகையை எனக்கு முன்னால் இடைவெளிக்குக் குறுக்கே வைத்து ஓர் உருண்டை மாவையும் உருட்டுகட்டையையும் தந்தாள். உருட்டினேன். இரண்டாவது தரம் உருட்டும்போதுதான் கவனித்தேன். என் கால்கள் கீழே ஊன்றியிருந்தன. நான் ஒரு வாங்குப் பலகையில் இருப்பதுபோல இருந்தேன். மாப் பலகை என் வயிற்றுக்கு நேரே, சாப்பாட்டு மேசை நிற்கிற உயரத்தில் நின்றது. சுகாதார விதிப்படி தரையிலிருந்து விலகவேண்டிய அளவுக்கு மேலேயே விலகி நின்றது. கால் வைத்திருந்த பள்ளமோ தடுப்புக் கேட்கிற அளவு ஆழமில்லை. பீப்பாவின் வாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்தால் முதுகு இயல்பாகவே போனது. இப்படி நாலு பேர் நாலு பக்கமும் இருந்தால், அவர்களுக்கு முன்னால் உள்ள பலகைகளே அடுப்பை மறித்துக் காவல் நிற்கும். இருக்கிற இடம் கதிரை. மாவு வைக்கிற இடம் மேசை. இரண்டும் வேறு வேறு. கேள்வியே இல்லை.

வாயைத் திறக்குமுன் இன்னொன்றும் தெரிந்தது. பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை செங்கல் அடுப்பு போகும், நான் விடுதலை. பேசினால் இது எந்த மாதிரி வரைபடத்திலும் இல்லாத ஏற்பாடு. இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதவேண்டும். அதை எழுதத் தெரிந்தவன் அந்தக் கடைக்குள் ஒருத்தன்தான், அவன் குழிக்குள் இருந்தான்.

தலைவி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"சுருட்டாதேங்கோ," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய மனதால் இல்லை. சரியான விடை கண்ணெதிரே கிடக்கும்போது பிழையானதில் கையெழுத்து வைக்க எனக்கு வராது. அது ஒரு வியாதி, ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்தது.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். கண் கலங்கியிருந்தது, குரலில் அது தெரியவில்லை.

"என் பெரியம்மா வீட்டில் இப்படித்தான், அண்ணை ஜான். கால் வைக்க அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குழி."

"பிறகேன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஒரு குழிக்கே நீங்கள் ஒரு குளிர்காலம் கத்தினீர்கள். இரண்டாவதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

அதன்பின் ஓர் ஆண்டு போய்விட்டது. சுகாதாரப் பிரிவு தலையாட்டிவிட்டது. கட்டடப் பிரிவிலிருந்து சென்ற வாரம் ஒரு பதில் வந்தது: தரை மட்ட வேறுபாட்டின் நோக்கத்தைத் தெளிவுபடுத்தவும். வாசித்ததும் அடையாளம் கண்டேன். வரைபடம் விளங்காதபோது, அதை ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவதற்கென்று எங்கள் பிரிவில் புழங்கிய வாக்கியம் அது. புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு எந்தப் பதில் எழுதினாலும் இன்னொரு கேள்வி வரும். எங்கள் கொமிற்றி விதியின்படி வரைபடம் முழுமையாக ஏற்கப்படும்வரை அது அனுப்பப்பட்டதாகக் கொள்ளப்படாது. இந்தத் திருத்தத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மாதிரி மேடை இன்னும் அங்கேதான் நிற்கிறது. கூட்டங்களை இப்போது அதைச் சுற்றித்தான் நடத்துகிறோம். பலகை போதாத அந்த இடைவெளி என் இடம். முதுகுக்கு நல்லது என்று தலைவி ஒரு மெத்தைகூடப் போட்டிருக்கிறார். இறங்குவது சுலபம். எழும்ப இரண்டு பேர் கைகொடுக்கவேண்டும். நிகழ்ச்சி நிரல் முடியும்வரை எவரும் கைகொடுப்பதில்லை.