இரண்டு பட்டியலிலும் இல்லாத சுப்புராயன்

“மேடம், ஒங்க சாஃப்ட்வேர் ஒரு ஆள முழுங்கிடிச்சி.”

போன திங்கட்கிழமை காலை, பாண்டிச்சேரியில் என் தட்டாஞ்சாவடி ஆபீஸில் டீ கிளாஸைக் கையில் எடுத்த நேரத்தில் வந்த போன் இது. பேசியவர் தணிகாசலம். காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவ கிராமத்தின் பஞ்சாயத்துச் செயலாளர். அந்த ஊர்க் குடும்பங்களின் விவரத்தைப் பதிந்து வைக்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தேன்.

சாஃப்ட்வேர் ஆளை முழுங்குமா? சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

“யாரு சார் அந்த ஆளு?”

“நம்ம சுப்புராயன். இருக்கறவங்க லிஸ்ட்லயும் இல்ல, செத்தவங்க லிஸ்ட்லயும் இல்ல. நேத்து கோயில்ல படிச்சி முடிச்சப்புறம்தான் பாத்தோம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. சுப்புராயன் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் மூலக்குளம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சி அக்காவின் வீட்டுக்காரர். மூன்று வருஷம் முன்பு ஐப்பசி மழையில் கடலுக்குப் போனவர். படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. கூடப் போனவர் நீந்தி வந்து சேர்ந்தார். சுப்புராயன் வரவில்லை... உடலும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா யாரையும் அழ விடவில்லை. நெற்றியில் அதே பெரிய பொட்டு, கையில் அதே கண்ணாடி வளையல். “எங்கனா ஒதுங்கியிருப்பாரும்மா. வேற நாட்டுக் கப்பல்காரன் தூக்கியிருப்பான்” என்பார், வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே. நானும் தலையாட்டுவேன். வேறு என்ன செய்வது?

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆடியில் கூழ் வார்க்கும் நாளன்று ஒவ்வொரு தலைக்கட்டின் பேரையும் மைக்கில் படிப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். அதற்குக் கல்யாணமான ஒரு ஆண் தலைவர். பேர் வந்ததும் போய்ப் பிரசாதத் தட்டு வாங்க வேண்டும். ஆள் கடலுக்குப் போயிருந்தால் மனைவி வாங்கலாம். ஆனால் படிப்பது அவர் பேரைத்தான். எல்லாம் முடிந்த பிறகு, மறைந்தவர்கள் பேரைப் படித்து ஆளுக்கொரு விளக்கு ஏற்றுவார்கள்.

போன வருஷம் வரை பழைய செயலாளர் நோட்டைப் பார்த்துப் படித்தார். சுப்புராயன் பேர் இருக்கிறவர்களோடு வந்துகொண்டிருந்தது. அக்கா போய்த் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் முதல் தடவையாக என் சாஃப்ட்வேர்.

இதில் என்னை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. என்னைப் பஞ்சாயத்துக்குச் சொன்னதே அக்காதான். “எங்க மூலக்குளத்து அம்மா கம்ப்யூட்டர் வேல செய்யுது, கேட்டுப் பாருங்க” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாராம்.

சரி, என்னதான் நடந்தது? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற டெவலப்பர் தம்பி தங்கைகள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன் — கஷ்டமான விஷயம் இல்லை.

விவரங்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து வைக்கிற ரிலேஷனல் டேட்டாபேஸில் ஒரு கட்டத்தைக் காலியாக விடலாம். அந்தக் காலிக்கு ஆங்கிலத்தில் ‘நல்’ (null) என்று பேர். தமிழில் எழுதினால் நல்வரவு, நல்வாழ்வு என்று மங்கலமாகத்தான் ஒலிக்கிறது. அதற்கு அர்த்தம் ‘பூஜ்யம்’ அல்ல, ‘இல்லை’ என்பதும் அல்ல. ‘தெரியாது’ என்பதுதான் அர்த்தம்.

காலியே வேண்டாம் என்றால் ‘காலியாக விடக் கூடாது’ என்று டேட்டாபேஸிடமே கட்டளை போட்டுவிடலாம். நான் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. பாண்டிச்சேரிக்காரிக்குக் கட்டாயக் கட்டங்கள் என்றாலே கோபம் வரும். பிரெஞ்சு அரசாங்கக் காகிதத்தில் ‘நோம்’ என்ற குடும்பப் பேர் கட்டத்தைப் பார்த்து முழிக்காத வீடு இந்த ஊரில் உண்டா? இல்லாத குடும்பப் பேருக்கு எங்கே போவது? அப்பா பேரைப் போட்டு, தாத்தா பேரைப் போட்டு, ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று... அந்த அவஸ்தை என் சாஃப்ட்வேரில் வேண்டாம் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று விடட்டுமே.

தணிகாசலம் வீடு வீடாகப் போய் விவரம் ஏற்றியபோது, ‘நிலை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் அக்கா சொன்னாராம்: “அந்த எடத்த மட்டும் சும்மா உட்டுடு தம்பி.” அவரும் விட்டுவிட்டார். நல்ல மனிதர்.

இனி என் பங்கு. இருக்கிறவர்கள் பட்டியலுக்கு, நிலை ‘இருக்கிறார்’ என்று உள்ளவர்களைக் கொடு என்று எழுதினேன். மறைந்தவர்கள் பட்டியலுக்கு, நிலை ‘இருக்கிறார்’ என்று இல்லாதவர்களைக் கொடு என்று எழுதினேன். ஒன்றில் இல்லாதவர் மற்றதில் வந்துதானே ஆக வேண்டும்?

வரமாட்டார். இவர் இருக்கிறாரா? தெரியாது. இல்லையா? அதுவும் தெரியாது. ‘ஆமாம்’ என்று பதில் கிடைத்தால்தான் டேட்டாபேஸ் ஆளை எடுத்துத் தரும். இரண்டு கதவிலும் ‘தெரியாது’ என்று நின்றவரை அது அப்படியே வெளியில் விட்டுவிட்டது.

வேலை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். தப்பாகச் சொன்ன பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டெஸ்ட் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். டெஸ்ட்டுக்குப் போட்ட பேர்களெல்லாம் நானே இட்டுக்கட்டியவை. என் கற்பனையில் எல்லோரும் ஒன்று உயிரோடு இருந்தார்கள், இல்லை செத்திருந்தார்கள்.

அன்றைக்கே திருத்தினேன். கட்டம் காலியாக இருந்தால் ‘இருக்கிறார்’ என்றே எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு வசதி உண்டு. ஒரே வரி வேலை. தணிகாசலத்துக்குப் போன் செய்து, “சரி பண்ணிட்டேன் சார்” என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, “அடுத்த ஆடிக்குத்தானே மேடம்?” என்றார்.

புதன்கிழமை காலையில் அக்கா வந்தார். கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. வளையலும் இல்லை.

“இன்னாக்கா இது?”

“பேரு படிக்கலியேம்மா” என்றார், சங்கரா மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே. “தட்டு குடுத்து முடியற வரைக்கும் நின்னு பாத்தேன். வரல. ஊட்டுக்கு வந்தா, நாத்தனாரு ஒரே அழுக. ‘ஊரே சொல்லிட்டுது, இன்னும் இன்னாத்துக்கு’ன்னிச்சி.”

“செத்தவங்க பேர்லயும் வரலியேக்கா...”

“அதுவரைக்கும் நான் அங்க எங்க நின்னேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். காலிக் கட்டம், இரண்டு பட்டியல், என் தப்பு. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நோட்டுன்னா எழுதறவன் மறந்துட்டான்னு உட்ருப்பேன்” என்றார். “கம்ப்யூட்டரு மறக்குமா? அதுக்கு ஏதோ தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சிட்டேன்.”

அதற்கு ஒன்றும் தெரியாதக்கா, தெரியாது என்பதைத் தவிர ஒன்றுமே தெரியாது என்று சொல்ல நினைத்தேன். வேறு ஒன்றைச் சொன்னேன்.

“பொட்டு வச்சிக்கங்கக்கா. தப்பு என்னோடது. வேணும்னா ஊருக்கு வந்து மைக்ல நானே சொல்றேன்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“இன்னான்னும்மா சொல்லுவ? அவரு உசுரோட இருக்காருன்னா?”

இருக்கிறார் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? இல்லை என்று சொல்ல மட்டும் என்ன தெரியும்? இத்தனை நாள் அந்தக் கேள்வியை ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்த வரைக்கும் அவர் பொட்டு அவர் நெற்றியில் இருந்தது. கேட்க வைத்தது நான் எழுதிய வரி.

அக்கா மீனை முறத்தில் போட்டுக் கொடுத்தார். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

“கூடைய ஒரு கை புடிச்சித் தூக்கி உடும்மா. வெயில் ஏறுது.”

தூக்கிவிட்டேன். அந்த வாரம் நான் தப்பில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.