பதுளைப் பக்கம்

எங்கள் கோயிலுக்கு முதல்முறை வருகிறவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திகைப்பார். குன்னூரில் மற்ற மாதா கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்களுடையதில் இலங்கையில் அட்டன் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக இடது பக்கம். பதுளையில் இருந்து வந்தவர்கள் வலது பக்கம். கப்பலை விட்டு இறங்கி இத்தனை வருடம் ஆகியும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. இலங்கையிலேயே தங்கிவிட்ட நம் சனங்களுக்கு இது விளங்கும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு தகரப்பெட்டியோடு வந்து, சர்க்கார் தோட்டத்தில் உழைத்து, இரண்டு ஏக்கர் தேயிலையும் சொந்த வீடும் சம்பாதித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து இந்தக் கோயிலை எழுப்பியதும் நான்தான். கூட நாலு பேர் நின்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்தவன் நான். கூரை போட்ட அன்றே பதுளைக்காரர்கள் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மண்ணில் ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் நாங்கள். இங்கே வந்துதான் பக்கம் பிரித்தோம்.

பிறகு கொழுந்து விலை விழுந்தது. ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்தது. என் மகன் உட்பட இளசுகள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பதுளைப் பக்கம் அந்தோணியின் குடும்பம் மட்டும் மிஞ்சியது. கோயம்புத்தூரில் இருந்து வந்த புதிய சாமியார் ஒருநாள் பூசைக்கு முன், "ஏனுங்க, இருக்கறதே பத்துப் பேரு. முன்னாடி வந்து ஒண்ணா உக்காருங்களேன்" என்றார். யாரும் அசையவில்லை. எங்களுக்குள் பகை என்று நினைத்துக்கொண்டார் போல. அன்றைய பிரசங்கம் முழுக்க மன்னிப்பைப் பற்றியே இருந்தது. முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, இன்னும் ஒரு குடும்பம் குறைந்தால் இங்கே பூசை கிடையாது, எல்லோரும் டவுன் கோயிலுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

அந்த வாரமே அந்தோணி மூட்டை கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு ஓடினேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைத்தவன் சொல்கிறேன், என் தோட்டத்தில் வேலை தருகிறேன், இரு என்றேன். அவன் முடிச்சைப் போட்டு இறுக்கிக்கொண்டே பேசினான்.

"ஒங்க கொழுந்தே செடியில முத்திக் கெடக்குண்ணே. பறிக்கிற கூலிக்குக்கூட வெல கட்டல. எனக்கு என்னா வேல குடுப்பீங்க?"

பேச்சில் யாருக்கும் தோற்காத நான், அவன் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மனைவி பாலில்லாத பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினாள். "இனிமே அட்டன்காரவுக ரெண்டு பக்கமும் காலை நீட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, சாமியார் சொன்னபடி, கடைசிப் பூசை. வலது பக்கம் வெறிச்சென்று கிடந்தது. என்ன நினைத்தேனோ, அங்கே போனேன். பதுளையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்தோணி முழந்தாளிடும் இடத்தில் முழந்தாளிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அட்டன் பக்கத்தில் என் மனைவி, தன் அருகே எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.