வடக்குப் பக்கத்துப் பாய்

பின்னுக்கு நடந்தபடிதான் முத்திருளன் பாய் விரிப்பார். சுருளைக் குனிந்து பிடித்துக்கொண்டு, அது விரிய விரிய ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்வாங்குவார். கோரையின் ஓரம்கூட அவர் கால்விரலில் பட்டு நான் பார்த்ததில்லை. மொத்தம் எட்டுப் பாய். எட்டாவது பாய், தரையில் நீளமாக ஓடும் ஒரு வெடிப்போடு நின்றுவிடும். வெடிப்புக்குத் தெற்கே வெறுந்தரை. மேல்சாதியிலிருந்து வேதத்துக்கு வந்த குடும்பங்கள் பாயில் உட்காரும். சேரியிலிருந்து வந்தவர்கள் தரையில். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான், சந்தேகமே வேண்டாம்.

பாய் கிழிந்தால் கோரை வாங்கிவந்து பொத்துகிறவரும் அவரே. பொத்தும்போது மடியில் போட்டுக்கொள்ளலாம். விரித்த பிறகு கால் படக்கூடாது. இது என்ன நியாயம் என்று ஒருமுறை கேட்டேன். "வழக்கந்தான் வாத்தியாரய்யா. இம்புட்டுத்தான்" என்றார். எதைக் கேட்டாலும் அந்த 'இம்புட்டுத்தான்' வந்து பேச்சை மூடிவிடும்.

எங்கள் வேதக்கோயில் எங்கே என்று சொல்லமாட்டேன். மதுரைக்குக் கிழக்கே, வண்டியூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்குத் துடைக்கிறவரை எங்களில் கோயில்குட்டி என்பார்கள். இவர் அறுபது வயதிலும் குட்டிதான். ஞானஸ்நானப் புத்தகத்தில் இவர் பெயர் மோசே. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் பாதிரி ஐயர்கூட இவரைக் கூப்பிட்டதில்லை. "ஏய் முத்திருளா" என்பார், பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டே. இரண்டு பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. ஒரே வெள்ளிக் கிண்ணம். அது முதலில் பாய்க்காரர்களிடம் போய், வாய் வாயாக மாறி, பிறகு வெடிப்பைத் தாண்டும். கடைசி ஆள் முத்திருளன். அவரிடம் வரும்போது ஒரு வாய் இருந்தால் அதிகம். காலையில் அந்தக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, திராட்சரசம் ஊற்றி, மேஜையில் கொண்டுவந்து வைக்கிறவரும் அவர்தான். கை படலாம், வாய் மட்டும் கடைசியில்.

எங்கள் ஐயருக்கு அரசியல் ஆகாது. கதர்க் குல்லாயோடு வந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்தி, அரசியலை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னவர். சக்கரவர்த்தி நீடூழி வாழ ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிப்பார். அது அரசியல் இல்லையாம். பாயைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மட்டும் அது அரசியலாகிவிடும். சபைக் கமிட்டியில் நான்தான் காரியதரிசி. நானும் மூன்றாவது பாய்க்காரன், ஒளிப்பானேன்.

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் மதுரையில் இந்துக்களின் பெரிய கோயிலுக்குள் முதல்தடவையாக எல்லாச் சாதியாரும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, முத்திருளனின் ஒரே மகள் தங்கப்பொண்ணு வந்து எட்டாவது பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாயில்லாமல் அவர் வளர்த்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாயில் தவழ்கிற குழந்தைகளில் பாதிப்பேரைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியவள் அவள். யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்துப் பெண்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போவதுபோல ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். பாட்டு முடிந்தும் ஐயர் வேதத்தைத் திறக்கவில்லை. மூப்பர் அருமைநாயகம் விரலை அசைத்து முத்திருளனைக் கூப்பிட்டார்.

"ஒம் பிள்ளைய நீயே எந்திரிக்கச் சொல்லு. நாங்க சொன்னா அரசியலாப் போகும்" என்றார் மெதுவாக. பிறகு ஜன்னலுக்கு வெளியே கல்லறைப் பக்கம் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் எங்களுக்கெல்லாம் தெரியும். முத்திருளனின் மனைவி அன்னக்கொடி அங்கேதான் இருக்கிறாள். அவள் பக்கத்துக் குழியைத் தனக்கென்று கேட்டு வைத்திருக்கிறார் அவர். ஆண்டு தவறாமல் கமிட்டியில் மனுக் கொடுப்பார். குழி யாருக்கு என்பது மூப்பர் வாயில் இருக்கிறது.

முத்திருளன் போனார். பாயில் கால் படாமல் வெடிப்பின் மேல் நின்று, "எந்திரிம்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க விரிச்ச பாய்தானப்பா."

"விரிக்கிறதுதாம்மா நமக்கு. இம்புட்டுத்தான்."

அவள் எழுந்து போனாள். அதற்கப்புறம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கு ஐயர் செய்த பிரசங்கத்தை என்னவென்று சொல்ல! பெரிய கோயில் கதவைத் திறந்தது நம்முடைய சுவிசேஷத்தின் வெளிச்சம்தான் என்றார். நாங்கள் ஆமென் சொன்னோம். தான் ஏன் பாயில் உட்காரக்கூடாது என்று தங்கப்பொண்ணு கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டாள். அரசியல் சம்பந்தப்பட்டதாகையால் எடுத்துக்கொள்வதற்கில்லை என்று குறிப்புப் புத்தகத்தில் பதிவானது. எழுதியது இந்தக் கைதான். அந்தக் கூட்டத்தில் என் வாயில் கொழுக்கட்டை.

முத்திருளன் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து மகளைப் பார்த்துவிட்டு வருகிறார். காப்பி கொடுக்கிறாளாம், அப்பா என்று கூப்பிடுவதில்லையாம். என்னிடம் இதைச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டப் போய்விட்டார். வழக்கமான அந்தச் சொல் அன்றைக்கு வரவில்லை. இந்த வருஷம் குழிக்கு மனுவும் வரவில்லை. மற்றபடி மணி நேரத்துக்கு அடிக்கிறது, பாய் வெடிப்போடு நிற்கிறது.

இந்த மாதம் முதல் ஞாயிறு, குறிப்புப் புத்தகத்தை எடுக்க ஆராதனைக்கு முன்பே பக்கத்து அறைக்குள் போனேன். முத்திருளன் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி முடித்திருந்தார். பானையிலிருந்து அதில் தண்ணீர் மொண்டார். அலம்பிக் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். விளிம்பில் உதட்டை அழுத்தி வைத்து ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு வாய். இப்படியே விளிம்பு முழுதும் ஒரு சுற்று வரும்வரை, அவசரமில்லாமல். திரும்பியபோது என்னைக் கண்டார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் கழுவாமல், துடைக்காமல், அதில் திராட்சரசத்தை ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேஜைக்குப் போனார்.